எட்டாவது போர்டு

கேரம் போர்டில் நசீமா பிரேக் அடித்த சத்தத்திலேயே ஜெசிந்தா தன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். நல்ல பிரேக்குக்கென்று ஒரு சத்தம் உண்டு, தேங்காய் சரிபாதியாகப் பிளக்கும்போது வருமே அந்த மாதிரி, சுத்தமாக, இழுபறி இல்லாமல். நடுவில் கட்டிப்பிடித்து நின்ற காய்களெல்லாம் போர்டு முழுக்கச் சிதறி ஓட, ஒரு வெள்ளை யாரும் கூப்பிடாமலே மூலைக்குழிக்குள் போய் விழுந்தது. நசீமா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு ஸ்ட்ரைக்கரை எடுத்து மறுபடி வைத்தாள். பெரம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹால், ஞாயிற்றுக்கிழமை பகல், மாநிலப் பெண்கள் கேரம் இறுதி ஆட்டம். ஆளுக்கு ஒரு செட் எடுத்து மூன்றாவது செட்டும் கடைசி போர்டு வரைக்கும் வந்தாயிற்று, புள்ளி சமம், இந்த எட்டாவது போர்டை எடுக்கிறவள் சாம்பியன். வெள்ளை நசீமாவுக்கு, கறுப்பு ஜெசிந்தாவுக்கு. காய் விழ விழ நசீமாவே ஆடிக்கொண்டிருப்பாள், தவறவிட்டால்தான் ஸ்ட்ரைக்கர் இந்தப் பக்கம் வரும். அதுவரை ஜெசிந்தாவுக்கு இருக்கிற ஒரே வேலை உட்கார்ந்திருப்பது. கையை மடியில் வைத்துக்கொண்டு, போர்டைத் தொடாமல், பெருமூச்சு விடாமல், பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பது. ஓடுகிற ஆட்டமாக இருந்தால் ஓடலாம், எதிராளி அடித்ததைத் துரத்தலாம், விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாவது எழலாம். இது உட்காருகிற ஆட்டம். உட்கார்ந்தவளுக்கு மனசு ஓடும். அதோ ரெண்டாவது வெள்ளை. இன்றைக்கு என்ன சொல்லப்போகிறோம் என்று ஜெசிந்தாவின் மனசு அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது, மார்க்கெட்டுக்குள் நுழைந்தவள் ஒவ்வொரு கூடையாகத் தொட்டுப் பார்ப்பதுபோல. விளக்கு? போர்டுக்கு மேலே தொங்கும் விளக்கு கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆமாம், பார்த்தால் தெரியும், காயின் நிழல் தன் பக்கம்தான் விழுகிறது. ஆனால் அடுத்த செட்டுக்கு இடம் மாறி உட்கார்ந்தபோது அதே நிழல் நசீமா பக்கம் விழுந்ததே. சரி, விளக்கு வேண்டாம். ஸ்டூல்? ஒரு கால் கட்டை. ஆனால் அதற்குக் காலையிலேயே அம்பயர் வரதன் சார் அட்டையை மடித்துச் சொருகிக் கொடுத்துவிட்டார், நல்ல மனுஷன், ஒரு நல்ல காரணத்தைக் கெடுத்துவிட்டார். டாஸ்? டாஸ் இருக்கிறது. டாஸ் தோற்றதால்தான் கடைசி போர்டில் பிரேக் நசீமாவுக்குப் போனது. டாஸ் பரவாயில்லை, கையில் பிடித்துக்கொள்ளலாம்.

வீட்டில் புருஷன் ராயப்பன் கேட்பான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், உயரத்தில் தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கினால் யாரையாவது வம்புக்கிழுத்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். அவள் போட்டி முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததுமே பையை வாங்கிக்கொண்டு, "வா ஜெசி, இன்னிக்கு யாரு மேல கேஸு?" என்பான். தோற்றாயா என்று கேட்கவே மாட்டான், அவ்வளவு நாசூக்கு. அவளும் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். மதுரையில் பல்பு, ஈரோட்டில் பவுடர், சேலத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே இருந்த ஒரு ஆள். "சிப்ஸா? அவன உள்ள தூக்கிப் போட்டுரணும்" என்று ராயப்பன் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு சொல்வான், அப்புறம் தட்டைப் போடுவான், அவள் குற்றவாளிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடிப்பாள். இதில் அவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பல்பு நிஜமாகவே மின்னியது. பவுடர் நிஜமாகவே ஈரம். சிப்ஸ் ஆளை இன்றைக்குப் பார்த்தாலும் அடையாளம் காட்டுவாள், மீசையில் தூள் ஒட்டியிருந்தது. எல்லாமே உண்மை, அதுதான் கொடுமை, பொய்யாக இருந்தால் என்றைக்கோ விட்டிருப்பாள். மூன்றாவது வெள்ளை விழுந்த சத்தம். இவள் ஏன் எப்போதும் இப்படிச் சுற்றி வளைத்துப் போடுகிறாள்? நேராக அடித்தால் எதிர்க்குழிக்கு, இதோ ஜெசிந்தாவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் குழிக்கு, ஒரே கோடாகப் போயிருக்கும். அதை விட்டுவிட்டுச் சட்டத்தில் மோதி, திருப்பி, தன் பக்கத்துக் குழிக்கே வரவழைத்து விழ வைக்கிறாள். முன்னெல்லாம் இப்படி இல்லை. ரெண்டு வருஷம் கோப்பை வாங்கினதில் வந்த மிதப்பு. கூட்டத்துக்காக ஆடுகிறாள், வித்தை காட்டுகிறாள். பார், முன்வரிசையில் கை தட்டுகிறார்கள். தட்டட்டும். காலையில் ஒரே ஆட்டோவில் ஒன்றாகத்தான் வந்தார்கள், பதினேழு வயதிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கும் அப்படித்தான், வழியில் நசீமா தன் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டி, "ஜெயிச்சவ மொதல்ல சாப்பிடணும், தோத்தவ மிச்சத்த சாப்பிடணும்" என்றாள், "எப்பவும் ஒனக்குதான் மிச்சம், இன்னிக்காவது சூடா சாப்பிடுடி." அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதுக்குள் குடைகிறது. நாலாவது.

மே மாதம் ஒரு முகாம் நடத்தினார்கள். காலையில் ஆட்டம், மத்தியானம் வகுப்பு. வகுப்பு எடுக்க வந்தவர் தேன்மொழி மேடம், விளையாட்டு வீரர்களின் மனசைப் பற்றிப் படித்தவராம், பார்த்தால் கல்லூரியில் இன்னும் அரியர் வைத்திருக்கிற பெண் மாதிரி இருந்தார். கேரமுக்கு மனசு எதுக்கு மேடம், விரல் போதாதா என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். மேடம் சிரித்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் ரெண்டே ரெண்டு கேள்விதான் கேட்டார். "கடைசியா எப்ப ஜெயிச்சீங்க, ஏன் ஜெயிச்சீங்க? கடைசியா எப்ப தோத்தீங்க, ஏன் தோத்தீங்க?" ஜெசிந்தா எழுந்து, "ஜெயிச்சப்ப நல்லா ஆடுனேன் மேடம்" என்றாள். "சரி, தோத்தப்ப?" "அது வந்து மேடம், மதுரைல ஹால்ல ஒரு பல்பு இருந்துச்சு..." என்று ஆரம்பித்தது, டீ வந்து, டீ ஆறி, ஏடு கட்டுகிற வரைக்கும் போயிற்று. அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எதுக்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை, அப்புறம் தன் காதாலேயே தான் சொன்னதைக் கேட்ட மாதிரி ஆகி, அவளும் சிரித்துவிட்டாள். அடுத்து நசீமா. "ஜெயிச்சப்ப அல்லா குடுத்தான் மேடம். தோத்தப்ப குடுக்கல." "அப்ப நீங்க எங்கதான் இருந்தீங்க?" என்றார் மேடம். "நான் ஸ்டூல் மேல இருந்தேன்" என்றாள் நசீமா, அதற்கும் ஒரு சிரிப்பு. அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது மேடம் பக்கத்தில் வந்து நின்று, சண்டை இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல, "பல்பு மின்னியிருக்கும், நான் இல்லன்னு சொல்லல. மறுநாள் காலைல போர்டு முன்னாடி உக்காந்து எதைப் பழகுனீங்க? பல்பையா?" என்றார். ஜெசிந்தா, "சோப்பு தீந்துடுச்சு மேடம்" என்றாள். அன்றைக்கு மாட்டிக்கொண்டது அந்தக் கேள்வி, பல்லிடுக்கில் சிக்கிய கீரை நார் மாதிரி, நாக்கு போய்ப் போய் அங்கேதான் நிற்கிறது. வேலையில்கூட. அவளுக்கு வேலை தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், காலையிலிருந்து மத்தியானம் வரை ஊசி, பஞ்சு, கண்ணாடிக் குழாய். ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினாள், குத்திவிட்டு, வழக்கம்போல, "தண்ணி ஒழுங்கா குடிக்கறதில்லீங்களா, நரம்பு ஒதுங்குது பாருங்க" என்றாள். அவர் பாவம், "சாரிம்மா, இனிமே குடிக்கிறேன்" என்றார். குத்தினது இவள், மன்னிப்புக் கேட்டது அவர்! பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே ஜெசிந்தாவுக்கு மேடம் ஞாபகம் வந்தது, முகம் சூடாகி, "இல்ல சார், நான்தான் சரியா பாக்கல" என்று சொல்லிவிட்டாள். அவர் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். உண்மை சொன்னால் இதுதான் பலன்.

அஞ்சாவது வெள்ளையா, ஆறாவதா? நசீமா இப்போது சிவப்பைப் பார்க்கிறாள். சிவப்பைப் போட்டுவிட்டுக் கூடவே ஒரு வெள்ளையையும் போட்டால்தான் சிவப்பு அவளுக்கு. ஹாலில் மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பவுடர் பறக்கும் என்று, ஜெசிந்தாவின் முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கி ஜாக்கெட் விளிம்பில் நின்றது. வேர்வை என்று சொல்லலாமா? வேர்வை ரெண்டு பேருக்கும்தான். எதை எடுத்தாலும் ரெண்டு பேருக்கும்தான் இருக்கிறது இன்றைக்கு. கூடையெல்லாம் காலியாகிக்கொண்டே வருகிறது. டாஸ் மட்டும் மிச்சம், அதையும் ராயப்பன், "டாஸுதானா? போன மாசம் டாஸ் ஜெயிச்சும் தோத்தியே" என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிடுவான். கூடையெல்லாம் காலியானால் அடியில் ஒன்று கிடக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்றுதான் இத்தனை கூடையையும் இவ்வளவு நாள் கிளறிக்கொண்டிருந்தாள். மடியில் வலது கை. அதில் நடுவிரல். ஜூலையில் ஒரு நாள் ஊசி முனை லேசாக ஆடியதைப் பார்த்தாள், ஏ.சி. காற்று என்று நினைத்தாள், ஏ.சி.யை நிறுத்தினாள், ஆடியது. டம்ளரைப் பிடித்தாலும் ஆடியது, டீயில் சின்னச் சின்ன வட்டம். அப்பாவுக்கு இருந்தது, ஆனால் அவருக்கு அறுபதுக்கு மேல்தான் வந்தது, இவளுக்கு இப்போதுதான் முப்பத்தாறு முடிகிறது. அன்றிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை. பரிசோதனைக் கூடத்திலேயே டாக்டர் இருக்கிறார், கேட்டால் ஒரு நிமிஷ வேலை, கேட்கவில்லை. விளக்கு என்றால் மாற்றிவிடலாம், ஸ்டூல் என்றால் அட்டை சொருகலாம், விரல் என்றால்? விரல் என்றால் அவ்வளவுதான் என்று ஆகிவிடும், அது போய்விட்டு வருகிற காரணம் இல்லை, கூடவே வீட்டுக்கு வந்து கூடவே படுக்கிற காரணம். ராயப்பனிடம் சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடுவான், அது பரவாயில்லை, ஆனால் அதற்கப்புறம் "யாரு மேல கேஸு" என்று கேட்க மாட்டான். வாசலில் பையை வாங்கிக்கொண்டு சும்மா நிற்பான். அந்தச் சும்மாவை அவளால் பார்க்க முடியாது. அதற்கு மதுரைப் பல்பு ஆயிரம் மடங்கு மேல். மதுரைப் பல்பு நன்றாக இருக்கட்டும், நூறாண்டு மின்னட்டும்.

சிவப்பு விழுந்தது. கூடவே ஒரு வெள்ளையும் விழுந்து அதை மூடியது. கூட்டம் "ஆ" என்றது. இன்னும் ரெண்டு வெள்ளை. ஒன்பது கறுப்பும் அப்படியே போர்டில் நிற்கின்றன, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடாமல் விட்ட சொந்தக்காரர்கள் மாதிரி, அங்கங்கே, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஒன்றுகூடத் தொடாமல் எழுந்து போகப்போகிறோம். அது தோல்விகூட இல்லையே, விரல் ஆடியதா ஆடவில்லையா என்றுகூடத் தெரியாமல் போய்விடுமே என்று ஜெசிந்தாவுக்குத் திடீரென்று ஒரு ஆத்திரம் வந்தது, ஆத்திரம்தான், அழுகை இல்லை. கோப்பை வேண்டாம், இவளே வைத்துக்கொள்ளட்டும், சாப்பாட்டையும் முதலில் சாப்பிடட்டும், ஒரே ஒரு முறை ஸ்ட்ரைக்கரைக் கொடு. ஆடினால் ஆடட்டும், அதையும் பார்த்துவிடலாம். தேன்மொழி மேடம் இப்போது வந்து கேட்டால் சொல்லியிருப்பாள், மேடம், எனக்குக் காரணமெல்லாம் வேண்டாம், டர்ன் வேண்டும். எட்டாவது வெள்ளையை நசீமா, இந்தத் தடவையும் நேரே போடாமல், சட்டத்தில் தட்டித் தன் பக்கத்துக் குழிக்கே இழுத்துக்கொண்டாள். கடைசி வெள்ளை ஜெசிந்தாவின் இடது முழங்கைக்கு அருகே, குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக, திறந்த வாசல் மாதிரி நின்றது. இதைச் சுற்றி வளைக்கக்கூட வழியில்லை, நேராகத்தான் அடிக்க வேண்டும். நசீமா தூக்கத்தில்கூடப் போடுகிற காய். நசீமா கொஞ்சம் குனிந்தாள். கண்ணை இடுக்கினாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். அம்பயர் வரதன் சார்கூட ஸ்கோர் அட்டையில் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். நசீமா அடித்தாள். வெள்ளை நேராக வந்தது, வந்து, குழியின் வலது உதட்டில் இடித்து, கொஞ்சம் யோசித்து, அங்கேயே நின்றுவிட்டது.

வரதன் சார் எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். நசீமாவே, "சர்தான், நமக்கு எழுதல போல" என்று முனகிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "உங்க டர்ன்மா" என்றார் வரதன் சார்.

ஜெசிந்தா ஸ்ட்ரைக்கரை எடுத்தாள். விரல் ஆடியது. எல்லோருக்கும் தெரியும்படி ஆடுவதாக அவளுக்குத் தோன்றியது. யாருக்கும் தெரியவில்லை. உதட்டில் நிற்கும் வெள்ளையைப் பார்த்தால் பயம் வரும், அதைப் பார்க்காதே. முதல் கறுப்பு கிட்டே இருந்தது. விரலை நீட்டினாள், ஆடியது, காத்திருந்தாள். ஊசி போடும்போது இப்படித்தான் காத்திருப்பாள், முனை ஆடும், ஆடி ஒரு கணம் நிற்கும், அந்த நிற்கிற கணத்தில் உள்ளே போய்விட வேண்டும். ஜூலையிலிருந்து தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், எத்தனை கை, எத்தனை நரம்பு, இது ஒரு பழக்கம் என்று இதுவரை அவளுக்கே தெரியாது. நின்றது. அடித்தாள். விழுந்தது. அடுத்தது. காத்திருந்தாள், அடித்தாள், விழுந்தது. மனசு இப்போது ஒன்றும் பேசவில்லை. ராயப்பன் இல்லை, மேடம் இல்லை, மதுரை இல்லை. பவுடரின் மாவு வாசனை, விளக்கின் சூடு, நெற்றிப் பொட்டு நனைந்து நழுவுவது, இவ்வளவுதான் இருந்தது. ஒரு கறுப்பு வெட்டிப் போனது, ஒன்று சட்டத்தில் தட்டி வந்தது, ரெண்டு ஒட்டிக்கொண்டு நின்றதைப் பிரித்து ஒன்றைப் போட்டு, மற்றதையும் பின்னாலேயே அனுப்பினாள். பின்வரிசையில் யாரோ எழுந்து நின்ற நாற்காலிச் சத்தம் வெகுதூரத்தில் கேட்டது. எட்டு கறுப்பு போயிற்று. ஒன்று பாக்கி. அதைப் போட்டால் கோப்பை, அந்த நினைப்பு வந்ததும் மனசு திரும்ப வாயைத் திறந்துவிட்டது. ஜெயிச்சா என்ன சொல்லப்போற? இதென்ன கேள்வி, இப்போதா? நல்லா ஆடுனேன்னு சொல்லுவேன். விரல் ஆடிச்சுன்னு சொல்லுவியா? பேசாம இரு. கடைசிக் கறுப்பு நடுவில் இருந்தது, நசீமா பக்கத்தில் இடது மூலைக்குழிக்கு ஒரு மெல்லிய வெட்டு, அவ்வளவுதான். விரலை நீட்டினாள். ஆடியது. காத்திருந்தாள், நிற்கவில்லை. இன்னும் காத்திருந்தாள். ஒரு கொசு வந்து காதோரம் பாடியது. விரல் தானாகவே அடித்துவிட்டது.

எங்கேயோ பட்டது. வெட்டு ஆகவேண்டியது மொத்தமாகக் காயின் நெஞ்சில் பட்டுவிட்டது. கறுப்பு எதிர்ச் சட்டத்துக்கு ஓடி, அங்கிருந்து ஜெசிந்தாவின் பக்கத்துச் சட்டத்துக்கே திரும்பி வந்து, உதட்டில் நின்ற வெள்ளையை எட்டிக்கூடப் பார்க்காமல், போர்டைக் குறுக்கே கடந்து, வேகம் செத்து, சாயங்காலம் வேலை விட்டு வீடு திரும்புகிறவன் நடையில், நசீமாவின் மடியோரத்து வலது குழிக்குள் போய் மெதுவாக விழுந்தது.

ஹால் அதிர்ந்தது. "பிளாக் ஸ்லாம்!" என்று யாரோ கத்தினார்கள், ஒரே மூச்சில் ஒன்பதையும் எடுத்துவிட்டால் அதற்குப் பெயர் அது, ஒரு இறுதி ஆட்டத்தில் அதை அங்கே யாரும் பார்த்ததில்லை. வரதன் சார் விதியை மறந்து கை தட்டினார். ஜெசிந்தா கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தோற்றதற்கு அவளிடம் நூறு காரணம் இருந்திருக்கும், தப்பாக அடித்து ஜெயித்ததற்கு ஒன்றுகூடக் கைவசம் இல்லை. எதிரே நசீமாவுக்கு மட்டும் தெரியும், பத்தொன்பது வருஷமாக எதிரே உட்கார்ந்திருப்பவள். அவள் முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. முதலில் அழுகை என்று நினைத்து ஜெசிந்தா பதறிவிட்டாள். "எங்கடி அடிச்ச நீ?" என்றாள் நசீமா, சிரிப்புக்கு நடுவே மூச்சு வாங்கி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எங்கயோ அடிச்சேன்டி" என்றாள் ஜெசிந்தா. "எட்டு காயி நீ போட்டது. ஒம்போதாவது மேல இருக்கறவன் போட்டது. என் காய அங்க நிறுத்தி வச்சுட்டு, ஒன் காய என் மடிக்கே அனுப்பறான் பாரேன்!"

அதற்குள் உள்ளூர் கேபிள் டி.வி.க்காரர் ஒருவர் மைக்கோடு வந்துவிட்டார். "மேடம், அந்தக் கடைசி ஷாட்டு! ரெண்டு சட்டத்துல மோத விட்டு, குறுக்கால... எத்தன நாள் ப்ராக்டிஸ் மேடம் அதுக்கு?" ஜெசிந்தா மைக்கைப் பார்த்தாள். நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது, நல்லா ஆடுனேன் என்று, பழகின பதில், சொல்லியும் இருப்பாள். "அது மிஸ்ஸுங்க" என்றுதான் வாயில் வந்தது. "நான் வேற குழிக்கு அடிச்சேன். தப்பா பட்டு அது தானா போச்சு." கேபிள்காரர் முகம் மலர்ந்து கேமராப் பக்கம் திரும்பினார். "பாருங்க நேயர்களே, இந்தத் தன்னடக்கம்தான் சாம்பியன்களோட ரகசியம்!" "இல்லீங்க, நெஜமாவே மிஸ்ஸு" என்றாள் ஜெசிந்தா. அவர் இன்னும் கரைந்துபோனார். ராயப்பனுக்குப் போன் செய்தபோது அவனும் அப்படித்தான். "ஜெயிச்சுட்டேங்க." அந்தப் பக்கம் அவன் டி.வி. சத்தத்தைக் குறைத்தான். "யாரு ஜெயிச்சது?" "நான்தாங்க. எட்டு காயி நான் போட்டேன், ஒண்ணு தானா போச்சு." "தானா போச்சா? நீ ஜெயிச்சதுக்கும் ஒரு கேஸு போடுவியா ஜெசி?" என்றான், குரல் ஒரு மாதிரி ஆகி, உடனே போனை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி யாரிடமோ கத்தினான்.

பரிசு கொடுக்கிற விருந்தினர் இன்னும் வரவில்லை. ரெண்டு பேரும் ஹாலின் பின்வாசல் படியில், வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். நசீமா டிபன் பாக்ஸைத் திறந்து ஜெசிந்தாவின் மடியில் வைத்தாள், மட்டன் குருமாவும் இடியாப்பமும். ஜெசிந்தா முதல் வாய் எடுக்கும்போது விரல் ஆடியது, இடியாப்பத்தின் நுனி ஆடியது, நசீமா பார்த்துவிட்டாள். "இன்னாடி இது?" இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது, குருமா வேறு ஒழுகுகிறது. "ஜூலைலேர்ந்து. யாருகிட்டயும் சொல்லல. பயமா இருந்துச்சு." "இத வச்சிட்டா ஒம்போது காயும் போட்ட?" "எட்டு." "சரி, எட்டு." நசீமா அந்த விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கத்திரிக்காய் வாங்குகிறவள் மாதிரி. அப்புறம் விட்டுவிட்டு, மரத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்குக் கண்ணு தெரியல ஜெசி" என்றாள்.

"இன்னா?"

"கிட்டக்க தெரியுது. எதிர்ப்பக்கக் குழி கலங்கலா, புகை மாதிரி தெரியுது. அதான் எல்லாத்தையும் என் பக்கமே வளைச்சு வளைச்சுக் கொண்டாறது. கண்ணாடி போட்டா ஆட வராதோன்னு பயம், டாக்டராண்ட போவல. இன்னிக்கு அந்தக் கடைசிக் காயி... குத்துமதிப்பா அடிச்சேன்."

வித்தை காட்டுகிறாள், மிதப்பு என்று அரைமணி நேரம் முன்னால் நினைத்தது ஞாபகம் வந்து, ஜெசிந்தா எடுத்த இடியாப்பத்தைத் திரும்பப் பாக்ஸிலேயே வைத்தாள். "பாவி, அப்ப ஸ்கோர் போர்டு?" "அது வெறும் வெள்ளை. ஒன் மூஞ்சியப் பாத்துதான் ஸ்கோர் தெரிஞ்சுக்குவேன். நீ விளக்கப் பாத்தீன்னா நான் முன்னாடி இருக்கேன்னு அர்த்தம்." ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு, "நாளைக்கு லீவு போடறேன், என் கைக்கும் ஒன் கண்ணுக்கும் சேத்துப் பாத்துடுவோம், நீ என்னை இழு, நான் ஒன்னை இழுக்கறேன்" என்றாள். நசீமா தலையாட்டி, தானும் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் மாறி மாறிக் குருமாவைத் தொட்டுச் சாப்பிட்டார்கள். திடீரென்று ஜெசிந்தாவின் கை பாதியில் நின்றது.

"எவ்ளோ நாளாடி கண்ணு இப்டி?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அப்ப போன வருஷம் பைனல்ல?"

நசீமா டிபன் பாக்ஸுக்குள் எதையோ தேடினாள். "தெரியல."

"குழியே தெரியாமதான் என்னை அடிச்சியா?"

"நேர் செட்டு" என்றாள் நசீமா, நியாயத்தை விட்டுக்கொடுக்காமல்.

போன வருஷத் தோல்விக்கு ஜெசிந்தா ஊர் முழுக்க ஒரு காரணம் சொல்லியிருந்தாள், நல்ல காரணம், உறவுக்காரர்களே ஒத்துக்கொண்ட காரணம். அதை எடுக்க இப்போது வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. இன்னொன்றைத் தேடினாள், அதுவும் வரவில்லை. கண் தெரியாதவளிடம் நேர் செட்டில் தோற்றதற்குச் சொல்லும்படி இந்த உலகத்தில் எந்தப் பல்பும் இல்லை, எந்த ஸ்டூலும் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு மூக்கு வழியாகக் குருமாவோடு வந்துவிட்டது. அதைப் பார்த்து நசீமாவும் உடைந்தாள். மடியிலிருந்து மூடி உருண்டு, படிப்படியாகக் கணகணவென்று இறங்கி, மரத்தடியில் போய்ச் சுழன்று விழுந்தது. சத்தம் கேட்டு வரதன் சார் பதறியடித்து வாசலுக்கு வந்தார். சாம்பியனும் தோற்றவளும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து கண்ணீர் வழியக் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். "என்னம்மா ஆச்சு? ஏதாவது ப்ராப்ளமா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் ஜெசிந்தா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு திரும்பாமல். "போன வருஷம் நான் ஏன் தோத்தேன்னு இப்பதான் தெரிஞ்சுது. இவ நல்லா ஆடிட்டா சார். என்னைவிட நல்லா ஆடிட்டா."